நாய்ப் படுக்கையும் நாய் முடியும்: தண்ணீர் ஊற்றுமுன் சில வார்த்தைகள்

வளர்த்த நாயை வேண்டாம் என்று கைகழுவுகிறவர்கள் வழக்கமாக மூன்று காரணம் சொல்வார்கள். கடிக்கிறது, ராத்திரியெல்லாம் குரைக்கிறது, முடி கொட்டுகிறது. முதல் இரண்டையும் நான் மறுக்க மாட்டேன். கடிக்கிற நாயை வைத்துக்கொண்டு பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீட்டில் நிம்மதியாக இருக்க முடியாது. குரைப்பு பக்கத்து வீட்டுக்காரரின் தூக்கத்தையும் சேர்த்துக் கெடுக்கும். மூன்றாவது காரணத்தை மட்டும் என்னால் ஏற்க முடிவதில்லை. முடி கொட்டுவது நாயின் இயல்பு. அது வீட்டுக்குப் பெரிய தொல்லையாக மாறுவதற்குக் காரணம் பெரும்பாலும் நாம் வாங்கிப் போட்ட மெத்தையும், அதை நாம் துவைக்கிற முறையும்தான்.

"இதையெல்லாமா எழுதுவீர்கள்?" என்று என் மனைவி கேட்டாள். எழுதத்தான் வேண்டும். விருத்தாசலத்தில் இன்று வீட்டுக்குள் நாய் வைத்திருப்பவர்களை எண்ணிப் பாருங்கள். பாதிப்பேர் நம் வயதுக்காரர்கள். ஆசைப்பட்டு நாயை வாங்கியது மகனோ மகளோ. அவர்களுக்குச் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். சிலர் கடல் தாண்டியும் போய்விட்டார்கள். நாய் இங்கேயே தங்கிவிட்டது. அதற்குச் சோறு வைப்பது, வெளியே கூட்டிப்போவது, ஊசி போடக் கொண்டுபோவது எல்லாம் எழுபது வயதுக்காரர் தலையில். எங்கள் வீட்டு லாப்ரடாரும் அப்படி வந்து சேர்ந்ததுதான். இந்த வயதில் முடியோடு மல்லுக்கட்ட முடியாமல்தான் பலர் நாயை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். மெத்தையில் படுத்துப் பழகிய நாய் நெடுஞ்சாலை ஓரத்தில் எத்தனை நாள் உயிரோடு இருக்கும்? எனவே இது சின்ன விஷயம் போலத் தெரிந்தாலும் சின்ன விஷயம் இல்லை.

முதலில் முடியைப் பற்றி. தமிழில் மயிர் என்பது நல்ல சொல். வசவாக்கி அதைக் கெடுத்துவிட்டோம். அதனால் மனிதனுக்கும் முடி, நாய்க்கும் முடி என்று சொல்லி ஒப்பேற்றுகிறோம். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் மனிதர் தலைமுடிக்கு 'ஷெவு' என்று ஒரு சொல். மிருகத்தின் முடிக்கும் நம் உடம்பு ரோமத்துக்கும் 'புவால்' என்று வேறொரு சொல். ஒரு காரியம் கச்சிதமாக அமைந்துவிட்டால் 'ஓ புவால்' என்பார்கள். ஒருவரை எரிச்சலூட்டும்படி நடத்தினால் 'ஆ ரெப்ரூஸ் புவால்', அதாவது ரோமம் படிந்திருக்கும் திசைக்கு எதிராகத் தடவுவது. இந்த இரண்டாவது சொல்லில்தான் நம் விஷயத்தின் சூட்சுமம் இருக்கிறது.

அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பள்ளிகளில் 'லெசோன் த ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. பொருளைக் கையில் கொடுத்துக் கற்பிக்கிற பாடம். இலை, இறகு, கிளிஞ்சல், கம்பளிநூல் என்று ஏதாவது ஒன்றைக் கொடுத்து, பார், தொடு, சொல் என்பார்கள். ஒருநாள் முடி. அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு நுனியை நோக்கி விரலால் உருவினால் வழுக்கிக்கொண்டு போகும். நுனியைப் பிடித்து அடியை நோக்கி உருவினால் லேசாகச் சுரசுரக்கும். நீங்களும் இப்போதே செய்து பார்க்கலாம். காரணம், முடியின் மேல் செதில்கள் இருக்கின்றன. சீமை ஓடு வேய்ந்த கூரையில் ஒரு ஓட்டின் மேல் இன்னொரு ஓடு ஏறி நிற்பது போல அவை அடுக்கடுக்காக, நுனியைப் பார்த்தபடி சாய்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, நுண்ணோக்கியில் தெரியும்.

இந்தச் செதில்களால்தான் நாய் முடி துணியில் நுழைந்தால் வெளியே வர மறுக்கிறது. வயல் வரப்பில் நடந்தால் வேட்டியில் ஒட்டும் புல்லின் முள் எப்படி ஒரே திசையில் உள்ளே உள்ளே போகுமோ, அப்படித்தான். நாய் படுத்துப் புரளப் புரள முடி துணிக்குள் இறங்கிக்கொண்டே போகும். லாப்ரடார், பக் மாதிரி குட்டை முடி நாய்களின் முடி ஊசிபோல விறைப்பாக இருப்பதால் இன்னும் மோசம். நீள முடி மேலே சுருண்டு கிடக்கும், வாரி எடுத்துவிடலாம். குட்டை முடி குத்திக்கொண்டு நிற்கும்.

இப்போது தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? ஆட்டு ரோமத்தை நனைத்து, சூடுகாட்டி, கசக்கி அழுத்தினால் செதிலும் செதிலும் மாட்டிக்கொண்டு ஒரே துணிபோல இறுகிவிடும். நெய்யாத கம்பளம் இப்படித்தான் பிறக்கிறது. ஆங்கிலத்தில் ஃபெல்ட் என்பது அதுதான். முடியோடு கூடிய நாய் மெத்தையை அப்படியே வாஷிங் மெஷினில் போட்டு வெந்நீரில் சுழற்றுவதும் அதே வேலைதான். ஈரம் இருக்கிறது, சூடு இருக்கிறது, கசக்கல் இருக்கிறது. துவைத்து எடுக்கும்போது முடி போயிருக்காது. திட்டுத்திட்டாக இறுகி மெத்தையோடு ஒன்றாகியிருக்கும். பிறகு எத்தனை முறை துவைத்தாலும் வராது. "எவ்வளவு துவைத்தாலும் போகவில்லை" என்று சலித்துக்கொள்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். துவைக்கத் துவைக்கத்தான் அது போகாமல் இருக்கிறது.

ஆகவே என் முதல் கருத்து: முடியை எடுப்பது ஒரு வேலை, துவைப்பது இன்னொரு வேலை. முதல் வேலை முடிந்த பிறகே இரண்டாவது. அலுவலகத்தில் தபால் வந்ததும் பதிவேட்டில் ஏற்றி, தன்பதிவேட்டில் எழுதி, அதன் பிறகுதான் குறிப்பு எழுத உட்காருவோம். வரிசை மாறினால் கோப்பு தொலைந்துவிடும். இங்கேயும் வரிசை முக்கியம்.

இணையத்தில் தேடினால் வெளிநாட்டுக்காரர்கள் ஒரு வழி சொல்கிறார்கள். துவைப்பதற்கு முன் படுக்கையைப் பத்து நிமிடம் டிரையரில் சுழலவிடுங்கள், காற்று முடியை உருவிப் பஞ்சு வடிகட்டியில் சேர்த்துவிடும் என்று. நல்ல யோசனைதான். ஆனால் நம் வீடுகளில் டிரையர் என்று சொல்வது தண்ணீரைப் பிழிந்து தள்ளுகிற தொட்டி. சூடான காற்றில் துணியைப் புரட்டி உலர்த்துகிற யந்திரம் நம் பக்கத்தில் அபூர்வம். நமக்குக் கொடிக்கயிறும் வெயிலும்தான் டிரையர். அதனால் வழியையும் நமக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள வேண்டும்.

நான் செய்வது இது. சாயங்காலம் காற்று கொஞ்சம் வீசும்போது விரிப்பைக் கொடியில் போட்டு, பின்பக்கத்திலிருந்து பழைய விளக்குமாற்றுக் கட்டையால் தட்டுவேன். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தால் அன்று தட்டக்கூடாது. மேலோட்டமான முடி இதில் உதிர்ந்துவிடும். அடுத்து, விரிப்பைத் தரையில் போடாமல் மேசையிலோ கட்டிலிலோ பரப்புவேன். குனிந்து செய்தால் மறுநாள் இடுப்பு பேசும். நாற்காலியில் உட்கார்ந்து, பாத்திரம் தேய்க்கிற ரப்பர் கையுறை ஒன்றை மாட்டிக்கொண்டு, கையைத் தண்ணீரில் ஒருமுறை நனைத்து உதறிவிட்டு, விரிப்பின் மேல் ஒரே திசையில் இழுப்பேன். முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. ஒரே திசை. முடி சுருண்டு திரி திரியாகக் கையோடு வரும். சரியாக வரவில்லை என்றால் துணியைத் திருப்பிப் போட்டு எதிர்த்திசையில் இழுத்துப் பாருங்கள். நான் சொன்ன 'ஆ ரெப்ரூஸ் புவால்' நாய்க்கு ஆகாது. நாய்ப் படுக்கைக்கு அதுதான் மருந்து.

கையுறை இல்லாவிட்டால் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒரு மரக்கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். ஜன்னல் கண்ணாடி துடைக்கிற ரப்பர் பட்டையும் ஆகும். எல்லாவற்றிலும் ஒரே தத்துவம்தான்: ரப்பர் முடியைப் பற்றி இழுக்கும், துணியைக் கிழிக்காது. மூலை, தையல், ஜிப் ஓரம் ஆகிய இடங்களில் மட்டும் அட்டைப்பெட்டி ஒட்டுகிற பழுப்பு டேப்பை விரலில் தலைகீழாகச் சுற்றி ஒற்றி எடுக்கலாம். முழுப் படுக்கைக்கும் டேப் போட்டால் காசுக்குக் கேடு.

கை லேசாக நனைந்திருக்க வேண்டும் என்று சொன்னேனே, அதற்குக் காரணம் உண்டு. அதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்வது சுலபம். செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மையும், ஃபியூஸ் கேரியரும், அகல் விளக்கும் செய்த கைகள் எத்தனையோ நம் தெருக்களில் இருக்கின்றன. பீங்கான் பட்டறைத் தரையை உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்கக் கூடாது என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். களிமண் தூளிலும் குவார்ட்ஸ் தூளிலும் உள்ள சிலிக்கா காற்றில் எழும்பி நுரையீரலில் போய் உட்கார்ந்துகொள்ளும். வருடக்கணக்கில் சுவாசித்தவர்களுக்குச் சிலிக்கோசிஸ் என்ற மீளாத நோய் வரும். ஆகவே அங்கே ஈரத்துணிதான் போட வேண்டும். நாய்ப் படுக்கையில் சிலிக்கா இல்லை. ஆனால் முடியோடு நாயின் தோல் பொடுகும், காய்ந்த எச்சிலும் இருக்கின்றன. நாயால் மூச்சுத் தொல்லை வருகிறவர்களுக்கு உண்மையான பகை அந்தப் பொடுகிலும் எச்சிலிலும் இருக்கிற புரதங்கள்தான். முடி அவற்றைச் சுமந்து திரிகிற வண்டி. முழுக்க உலர்ந்த படுக்கையை வீட்டுக்குள் வைத்து உதறினால் அந்தப் பொடி மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். முழுக்க நனைத்தால் முடி இறுகும். இரண்டுக்கும் நடுவே கையளவு ஈரம். அதுதான் 'ஓ புவால்'.

மூச்சு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பாத்திரமும் துணியும் பார்த்துக்கொள்ள வருகிற அம்மாள் முன்பு வேறொரு வீட்டில் வேலை பார்த்தார். அந்த வீட்டில் இரண்டு நாய்கள், இரண்டுக்கும் வெல்வெட் மெத்தை. அவர் ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "அந்த மெத்தைய ஒதறித் தொவைக்கிற அன்னிக்கு ராத்திரி எனக்கு இருமல் நிக்காது சார். நெஞ்சுல பூனை கத்துற மாதிரி இருக்கும். சொன்னா வேலை போயிடுமோன்னு சொல்லல." கேட்டபோது எனக்கு மனசு சங்கடமாக இருந்தது. அவருடைய சம்பளத்தில் நாய் மெத்தை என்று ஒரு வரி இல்லை. வேலைக்குச் சேரும்போது பேசியதும் இல்லை. துணி மூட்டையோடு மூட்டையாக அது அவர் தலையில் விழுந்திருக்கிறது.

இதில் என் கருத்தைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். நாய் நம்முடையது என்றால் அதன் முடியும் நம்முடையது. முடி எடுக்கும் வேலையை வீட்டு வேலைக்கு வருகிறவர்களின் கணக்கில் சேர்க்கக் கூடாது. சலவைக்காரர் மூட்டையிலும் சொல்லாமல் வைத்து அனுப்பக் கூடாது. அவர் பத்து வீட்டுத் துணியை ஒன்றாகப் போடுகிறவர். உடம்பு முடியாதவர்கள் வேறு வழியின்றி ஒருவரைக் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், முன்கூட்டிச் சொல்லி, தனிக் கூலி பேசி, முகக்கவசமும் கையுறையும் வாங்கிக் கொடுத்து, வெளிவாசலில் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். இருமல், வீசிங் உள்ளவர் என்றால் கேட்கவே வேண்டாம். நமக்கே வீசிங் இருந்தால் நாமும் முகக்கவசம் போட்டுக்கொள்ள வேண்டும். கொரோனா காலத்தில் வாங்கியது இன்னும் எல்லார் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது.

இரண்டாவது கருத்து மெத்தையைப் பற்றி. கடையில் நாய்க்கென்று விற்கிற மெத்தைகள் பார்க்க அழகு. நடுவில் பள்ளம், சுற்றிலும் திண்டு, மேலே பொசுபொசுவென்று பாலியெஸ்டர் ரோமம். குளிர்நாட்டு நாய்க்கு அது சுகம். கத்திரி வெயிலில் விருத்தாசலத்து நாய் அதில் படுக்குமா? நீங்களே பார்த்திருப்பீர்கள்: மெத்தையை விட்டுவிட்டு சிமெண்டுத் தரையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு கிடக்கும். போதாக்குறைக்குப் பாலியெஸ்டரில் உலர்ந்த காற்றில் நிலைமின்சாரம் ஏறி முடியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ரோமம் வைத்த துணியில் ரோமம் விழுந்தால் எப்படி எடுப்பது?

நம் பெரியவர்கள் வாசல் நாய்க்குக் கோணிச்சாக்கு போட்டார்கள். அது கஞ்சத்தனம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். சாக்கு கொஞ்சம் முரடுதான், வயதான நாயின் முழங்கைக்கு ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்கும் வழி உண்டு. உள்ளே பழைய தலையணையோ மடித்த ஜமுக்காளமோ வையுங்கள். மேலே பழைய கெட்டி நூல் போர்வையோ, நாலாக மடித்த எட்டுமுழ வேட்டியோ உறைபோலச் சுற்றுங்கள். நெருக்கமாக நெய்த, வழவழப்பான பருத்தித் துணியில் முடி உள்ளே இறங்காது, மேலேயே நிற்கும். இரண்டு உறை இருந்தால் ஒன்று படுக்கையில், ஒன்று கொடியில். கெட்டுப்போனால் தூக்கிப் போட மனம் வலிக்காது. வெல்வெட் மெத்தையோடு அரைமணி நேரம் போராடுகிற இடத்தில் வேட்டித் துணி ஐந்து நிமிடத்தில் சுத்தமாகிவிடுகிறது.

மூன்றாவது, முடி படுக்கையில் விழுவதற்கு முன்பே நாயின் மேலிருந்து எடுத்துவிடுவது. பழைய முடி விழுந்து புது முடி வருவது நாய்க்கு ஓயாத சுழற்சி. குளிர்நாடுகளில் பகல் நீளுவதையும் குறைவதையும் வைத்து வருடத்துக்கு இரண்டு முறை கொத்துக்கொத்தாகக் கொட்டும். பாரிஸில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் சுமார் எட்டு மணி நேரம் வித்தியாசம். நமக்கு அது ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்தான். போதாததற்கு வீட்டுக்குள் ராத்திரி பத்து மணி வரை விளக்கு. அதனால் நம் வீட்டு நாய்க்கு எது பருவம் என்று புரிவதில்லை. வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக்கொண்டிருக்கும். லாப்ரடாரின் மூதாதை கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடற்கரையில் பனித்தண்ணீரில் மீனவர்களோடு நீந்திய நாய். அதற்கு மேல்முடியும் உண்டு, தண்ணீர் புகாத அடர்ந்த அடிமுடியும் உண்டு. நம் மணிமுத்தாற்றங்கரையில் அந்த அடிமுடிக்கு என்ன வேலை? கொட்டத்தான் செய்யும். வெயிலுக்காக ஒட்ட மொட்டையடிக்கவும் கூடாது. இரட்டை முடி நாய்க்கு மேல்முடி வெயிலிலிருந்து காப்பு, மொட்டையடித்தால் சரியாக வளராமலும் போகலாம்.

வாரத்துக்கு மூன்று நாள், பத்து நிமிடம், வாசலில் வைத்து ரப்பர் பல் வைத்த பிரஷ்ஷால் முடி படிந்த திசையிலேயே வாரிவிடுங்கள். அன்றன்று வந்த கோப்பை அன்றன்று பார்த்தால் நிலுவை சேராது. மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மேசை தெரியாது. நாய் முடியும் அப்படித்தான். வாரும்போது இன்னொரு லாபம்: உண்ணி இருந்தால் கையில் தட்டும், சொட்டை விழுந்திருந்தால் கண்ணில் படும். திட்டுத்திட்டாக முடி போவது, விடாமல் சொறிவது, தோல் சிவப்பது ஆகியவை சாதாரண முடி உதிர்தல் கிடையாது. உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உண்ணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாயோடு படுப்பவன் தெள்ளுப்பூச்சியோடு எழுவான் என்று பிரெஞ்சில் ஒரு பழமொழி உண்டு. நம் ஊரில் தெள்ளுப்பூச்சியைவிட உண்ணிதான் அதிகம். இரத்தம் குடித்துக் கொழுத்த பெண் உண்ணி நாயை விட்டு இறங்கிச் சுவர் விரிசலிலும் படுக்கைத் தையலிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். உண்ணிக் காய்ச்சலில் நல்ல நாய்கள் எத்தனையோ போயிருக்கின்றன. ஆகவே முடி எடுத்த பிறகு துவைப்பதைச் சோம்பலால் தள்ளிப்போடக் கூடாது. பருத்தி உறையென்றால் 60 டிகிரி வெந்நீர் தாங்கும். வாரம் ஒருமுறை துவைத்து, உச்சி வெயிலில் இரண்டு பக்கமும் திருப்பிப் போட்டு உலர்த்துங்கள். படுக்கை இருந்த இடத்துச் சுவர் ஓரத்தையும் விரிசலையும் சேர்த்துத் துடையுங்கள். பினாயில் ஊற்றி அலச வேண்டாம். நாய் தன் படுக்கையை நக்கும். சோப்பு போகும்படி நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசினால் போதும். உங்கள் துணியோடு சேர்த்துப் போடாதீர்கள். மெஷினில் துவைத்தால் முடிந்ததும் கதவு ரப்பர் மடிப்பையும் பஞ்சு வடிகட்டியையும் ஈரத்துணியால் துடையுங்கள். கையால் துவைத்தால் குளியலறைச் சாக்கடை வாயில் சல்லடை வையுங்கள். முடியும் சோப்பும் சேர்ந்து குழாயில் அடைத்துக்கொண்டால் ஆள் தேடிப் பிடிப்பதற்குள் நமக்கு முடி கொட்டிவிடும்.

எடுத்த முடியை என்ன செய்வது? குருவி கூடு கட்டும் என்று சிலர் மரத்தடியில் வைக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் வேண்டாம். இங்கிலாந்தில் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தார் பறவைக் கூடுகளில் இருந்த மிருக முடியை ஆராய்ந்து 2025இல் வெளியிட்டார்கள். நாய்க்கும் பூனைக்கும் தெள்ளு, உண்ணிக்காகப் போடுகிற மருந்துகள் அந்தக் கூடுகளில் இருந்தன. அத்தகைய மருந்து அதிகம் இருந்த கூடுகளில் பொரியாத முட்டையும் செத்த குஞ்சும் கூடுதலாகக் காணப்பட்டன. காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போடுவதே நல்லது.

கடைசியாக, இனி நாய் வாங்கப்போகிற பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. முடி கொட்டாத நாய் என்று சொல்லிப் பூடில் விற்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 'கனீஷ்' என்று செல்லம் கொடுக்கிற ஜாதி அது. அதன் முடி படுக்கையில் அதிகம் விழாது என்பது உண்மை. ஆனால் வளர்ந்துகொண்டே போகும். மாதம் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை வெட்டாவிட்டால் சடை பிடிக்கும். படுக்கையில் மிச்சமான வேலை கத்தரிக்கோலுக்குப் போகிறது, அவ்வளவுதான்.

நம் மண்ணிலேயே ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று நாய் ஜாதிகள் இருக்கின்றன. உடம்போடு ஒட்டிய குட்டை முடி, குளிர்நாட்டு நாய்போல அடர்ந்த அடிமுடி கிடையாது. அவையும் முடி உதிர்க்கும், பொய் சொல்லக் கூடாது. லாப்ரடார் கொட்டுவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. 2005 ஜனவரியில் தபால் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் ஒன்று ராஜபாளையம். 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் இந்த நாட்டு இனங்களை வளர்க்கச் சொல்லிப் பெயர் சொல்லிப் பேசினார். இருந்தும் நம் பிள்ளைகளுக்குப் பனிநாட்டு ஹஸ்கிதான் வேண்டியிருக்கிறது. ஒன்று மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லிவிடுகிறேன்: ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் வேட்டை நாய்கள். ஓட இடம் வேண்டும், பழக்க ஆள் வேண்டும். எழுபது வயதில் புதிதாக ஒன்றை வாங்கிக் கட்டிப்போடுவது அதற்கும் கேடு, நமக்கும் கேடு. நம் வயதுக்கு ஏற்றது தெருவில் பிறந்த சாதுவான நாட்டு நாய். குட்டை முடி, நம் வெயில் பழகியது, சாக்கு போட்டால் படுத்துக்கொள்ளும்.

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது வாலைக் குழைத்துக்கொண்டு தெருவுக்குத்தான் ஓடும் என்பார்கள். நாயைக் குறை சொல்லச் சொன்ன பழமொழி. ஆனால் அதை நடுவீட்டுக்குக் கொண்டுவந்தது நாம்தானே? கொண்டுவந்த பிறகு, முடி கொட்டுகிறது என்று சொல்லித் தெருவுக்கு அனுப்ப நமக்கு உரிமை இல்லை. ஒரு ஜோடி ரப்பர் கையுறை, இரண்டு பழைய வேட்டி, வாரத்தில் ஓர் அரைமணி நேரம். இவ்வளவு செய்ய முடிந்தால் நாய் நம்மோடு இருக்கட்டும். முடியாது என்று தெரிந்தால், பிள்ளைகள் குட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்கும் அன்றே வேண்டாம் என்று சொல்லிவிடுவது மேல்.